மேலோடைத் தெருவில் எட்டாம் நம்பர்

அன்னக்கொடிக்குப் பதின்மூன்று வயதிலேயே ஐந்தே முக்கால் அடி உயரம். கோடைக்கானல் மலையில், வில்பட்டிக்கும் பள்ளங்கிக்கும் நடுவே சரிவில் ஒட்டிக்கிடக்கும் மேலோடையில் ஆண்களிலேயே அந்த உயரத்துக்கு நாலைந்து பேர்தான் தேறுவார்கள். பூண்டுக் காட்டில் களையெடுக்கக் குனிந்தால், பக்கத்தில் நிற்கிற பெண்களைவிட அவளுக்குத்தான் முதலில் இடுப்பு விட்டுப்போகும். தெருவில் நடந்தால், "ஏ புள்ள, மேல மழ வருதா பாத்துச் சொல்லு" என்று ஆம்பிளைகள் சிரிப்பார்கள். அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தாள். அப்பா குழந்தைவேல் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "இதுக்கு மேல வளராதத்தா" என்பார், ஏதோ அது அவள் கையில் இருப்பது மாதிரி.

கோடைக்கானலில் அவள் படித்த பள்ளியின் விளையாட்டு டீச்சர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நிறுத்தினார்.

"குறுகாம நேரா நில்லு. கையத் தூக்கு. எவ போட்டாலும் பந்து உள்ள போகக் கூடாது. அம்புட்டுத்தான் ஒன் சோலி."

அன்று சாயங்காலம் வரை ஒருத்தி போட்ட பந்தும் உள்ளே போகவில்லை. அவளை நேராக நிற்கச் சொன்ன முதல் ஆள் அந்த டீச்சர்தான்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பதினைந்து வயதில் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் விளையாட்டு விடுதி. பதினெட்டில் மாநில அணி. இருபத்திரண்டில் தேசியப் போட்டியின் இறுதி ஆட்டம். அன்று வளையத்தில் மோதித் திரும்பி விழுந்த பந்தை, அத்தனை கைகளுக்கும் மேலே எழும்பி, பதினேழு தடவை பிடித்தாள். தமிழ்நாட்டுக்குத் தங்கம். மறுநாள் பத்திரிகையில் அவள் படம் வந்தது. எட்டாம் நம்பர் பனியன், அரைக்கால் சட்டை, கழுத்தில் பதக்கம்.

ஊருக்கு வந்து பார்த்தால் குழந்தைவேல் அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டியிருந்தார். இடுப்போடு கத்தரித்து, மேல்பாதியை மட்டும்.

அன்னக்கொடி சிரித்துவிட்டாள். அப்பாவைக் குறை சொல்ல அவளுக்கு வாய் ஏது? அன்றைக்கு அவளே வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் சுடிதாருக்கு மாறிவிட்டுத்தான் மலையேறியிருந்தாள். விடுதிக்குப் போன நாளிலிருந்து அதுதான் வழக்கம். எத்தனையோ ஊர்களில் கூட்டத்துக்கு முன்னால் அரைக்கால் சட்டையோடு ஓடியவள், மேலோடையில் மட்டும் ஒருநாளும் முட்டியைக் காட்டியதில்லை.

இருபத்தேழு வயதில் இடது முட்டியில் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை ஆனது. பழைய எழும்பல் திரும்பவில்லை. ஊருக்கு வந்தாள். கோடைக்கானல் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலை கிடைத்தது. மாப்பிள்ளைகள் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், போனார்கள். கடைசியாக பழனி அடிவாரத்திலிருந்து பழனிக்குமார் வந்தான். வீட்டில் பஞ்சாமிர்தக் கடை. அவன் மட்டும் தனியாக வேன் வைத்து மலைக் காய்கறியை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். அவளைவிட ஐந்து விரற்கடை குட்டை. பெண் பார்க்க வந்த இடத்தில் அவள் வழக்கம்போலத் தோளைக் குறுக்கி நின்றதைப் பார்த்து, "நிமிந்து நில்லுங்க, எனக்கு ஒண்ணும் கொறைஞ்சிறாது" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் சரி என்றாள். கல்யாணம் முடிந்து மேலோடையிலேயே குடியிருந்தார்கள்.

மேலோடையின் கீழ்க்கோடியில், விவசாயிகள் சங்கத்தின் உருளைக்கிழங்குக் கிட்டங்கி ஒன்று இருந்தது. கூரையும் சுவரும் போய் சிமெண்டுத் தளம் மட்டும் கிடந்தது. பழனிக்குமார் இரண்டு இரும்புக் கம்பம் ஏற்றிவந்தான். டவுனுக்குள் மூஞ்சிக்கல்லில் ஒரு வெல்டர் வளையம் அடித்துக் கொடுத்தார். அன்னக்கொடி சுண்ணாம்பில் கோடு போட்டாள். முதலில் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். நாலு வருஷத்தில் பதினாலு பேர் ஆனார்கள். பள்ளி விட்டு வந்ததும் ஆட்டம், மூடுபனி இறங்கி எதிர்ப்பக்க வளையம் மறையும் வரைக்கும். குளிருக்கு ஸ்வெட்டரும், சுடிதார் பேண்டும், ஷூ இல்லாதவர்களுக்கு ரப்பர் செருப்பும். அதில் ரம்யா என்ற பதினாறு வயதுக்காரி, இடதுகைக்காரி, ஓடிக்கொண்டே எந்தக் கோணத்திலிருந்தும் பந்தைப் போடுவாள். சின்னக்கருப்பனின் மகள்.

போன வருஷம் பிப்ரவரியில் டவுனில் ஒரு போட்டி. எல்லாரும் ஒரே மாதிரி உடுப்பில் வரவேண்டும் என்று விதி. அன்னக்கொடி தன் பள்ளியில் கழித்துப்போட்ட பனியன்களையும் அரைக்கால் சட்டைகளையும் கேட்டு வாங்கி வந்தாள். அந்தப் பள்ளியில் எல்லாப் பெண்களும் அதில்தான் விளையாடினார்கள். வெளியூர்ப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

"அக்கா, ஊர்ல ஏதாச்சும் சொல்லுவாங்களா?" என்று ரம்யா கேட்டாள்.

"வீட்லருந்து சுடிதார்ல வாங்க. அங்க ஒரு ரூம் இருக்கு, மாத்திக்கிரலாம். முடிஞ்சதும் திரும்ப மாத்திட்டு பஸ் ஏறலாம். ஆருக்கும் தெரியாது" என்றாள் அன்னக்கொடி.

மூன்று ஆட்டமும் ஜெயித்தார்கள். கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ எடுத்து யாருக்கோ அனுப்பிய அந்தப் படம் மறுநாள் காலையில் மேலோடை வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது.

உரக்கடை சேனாதிபதிதான் முதலில் எழுதினார். ஊரில் பாதிப் பேர் அவர் கடையில்தான் உரமும் மருந்தும் எடுத்தார்கள். சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். "நம்ம வீட்டுப் பெண்பிள்ளைகளை இந்தக் கோலத்தில் டவுனில் நிறுத்தியிருப்பது யார்? கேட்பாரில்லையா?" என்று எழுதியிருந்தார். கீழே முப்பது பேர், சிலர் தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மை, சிலர் அசிங்கமான சிரிப்பு. ரம்யாவின் காலை மட்டும் பெரிதாக்கி ஒருவன் தனியாகப் போட்டிருந்தான்.

அன்று சாயங்காலம் தளத்துக்குப் புவனா ஒருத்திதான் வந்தாள். ஒன்பதாம் வகுப்பு, இருப்பதிலேயே சின்னவள். அவள் வீட்டில் அந்த மாதிரிப் போன் கிடையாது, செய்தி போய்ச் சேரவில்லை.

அன்னக்கொடி வீடு வீடாகப் போனாள். கதவைத் திறக்காதவர்கள் உண்டு. ரம்யா வீட்டில் சின்னக்கருப்பன் வாசலிலேயே நின்றார். நல்ல மனுஷர், ஒரு காலத்தில் அவளுக்குத் தங்கம் கிடைத்தபோது ஊர் முழுக்க மிட்டாய் கொடுத்தவர்.

"ஒன்னையக் கோவிக்கலம்மா. ஒண்ணு மட்டும் கேக்கேன். எங்க மாத்தணும், எப்பத் திரும்ப மாத்தணும்னு நீதானே சொல்லிக் குடுத்த?"

"ஆமாண்ணே."

"தப்பில்லாத காரியம்னா எதுக்கும்மா ஒளிஞ்சு மாத்தணும்?"

உள்ளே இருட்டில் ரம்யா நிற்பது தெரிந்தது. அவளும் பதிலுக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. அன்னக்கொடி திரும்பி நடந்தாள்.

மறுநாள் வெள்ளனே அப்பா வீட்டுக்குப் பால் கொடுக்கப் போனவள், சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் நின்றாள். பதினைந்து வருஷமாகப் பார்த்துப் பழகிய படம். இன்றுதான் பார்க்கிற மாதிரி இருந்தது.

"அப்பா, மீதிப் பாதி எங்க?"

குழந்தைவேல் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "எது?"

"இதோட கீழ்ப்பாதி."

தலைப்பாகையைச் சுற்றி முடித்துவிட்டு, "அடுப்புல போட்டேன்" என்றார். "வேறென்ன செய்யச் சொல்ற? வாரவன் போறவன்லாம் பாப்பானேத்தா."

அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தக் காலால்தானே பதினேழு தடவை எழும்பினேன் என்று தோன்றியது. பிறகு, அந்தப் பாதியைத் தானும் இத்தனை வருஷமாகப் பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக ஒளித்துத்தானே வந்திருக்கிறோம், இப்போது பதினாலு பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்துவிட்டோமே என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, பெட்டியின் அடியிலிருந்து எட்டாம் நம்பர் பனியனையும் அரைக்கால் சட்டையையும் எடுத்து உதறினாள். வேனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பழனிக்குமார் எட்டிப் பார்த்தான்.

"சாயங்காலம் இதப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப்புலருந்து தளம் வரைக்கும் நடக்கப் போறேன். ஒங்களுக்கு வெக்கமா இருக்குமா?"

"மணவறையில ஒனக்குப் பக்கத்துல நின்னப்பவே எனக்கு வெக்கமெல்லாம் போயிருச்சு" என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "மேல ஸ்வெட்டர் போட்டுக்க. குளுரும்" என்றான்.

அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளவில்லை. நம்பர் மறைந்துவிடும்.

நாலே முக்கால் பஸ்ஸில் அன்னக்கொடி இறங்கினாள். முப்பத்தேழு வயது. இடது முட்டியில் தையல் போட்ட தழும்பு, பூரான் படுத்த மாதிரி. கையில் பந்து. பஸ் ஸ்டாப்பிலிருந்து தளத்துக்குப் போக மேலோடையில் இருப்பதே ஒரு தெருதான். மயில்சாமி டீக்கடை, சேனாதிபதி உரக்கடை, கோயில், குழாயடி, அப்புறம் இறக்கம். அவள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நடந்தாள். தார் ரோட்டில் அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. கதவுகள் திறந்தன. டீக்கடையில் பேச்சு அறுந்தது. உள்ளே குழந்தைவேல் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து பின்பக்கமாகப் போனார். அவளுக்கு முதுகெல்லாம் கூசியது. கால் இரண்டும் தன்னுடையவை இல்லை என்பது போலிருந்தது. கோயிலைத் தாண்டும்போது பழையபடி தோள் குறுகுவதை உணர்ந்து, நிமிர்த்திக்கொண்டாள்.

தளத்தில் புவனா மட்டும் நின்றாள். அவளைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள்.

"என்ன பாக்க? வெரசா ஓடு, பத்து ரவுண்டு" என்றாள் அன்னக்கொடி.

அடுத்த நாளும் நடந்தாள். அதற்கடுத்த நாளும். ஒருவன் விசில் அடித்தான். அவள் நின்று, அவன் பெயரைச் சொல்லி, "ஒங்கம்மா நல்லாருக்காங்களா?" என்று கேட்டாள். அவன் அப்புறம் விசில் அடிக்கவில்லை. ஐந்தாம் நாள் சேனாதிபதி கடையை விட்டு இறங்கி ரோட்டின் நடுவில் வந்து நின்றார்.

"அன்னக்கொடி, ஊருக்குன்னு ஒரு மரியாத இருக்கு."

"இருக்குங்க. நானும் இந்த ஊருதான்."

"இந்தக் கோலத்துல வாத்தியாரம்மா நடந்தா பிள்ளைக என்ன படிக்கும்?"

"நடக்கப் படிக்கும்ங்க."

"நான் நல்லதுக்குச் சொல்றேன். வயசான மனுஷன், ஒங்கப்பன் டீக்கடைக்கே வரமாட்டேங்கான்."

அது தைத்தது. ஆனாலும் அவள் குரலை உயர்த்தவில்லை. "எங்கப்பாவ நான் பாத்துக்கிறேன். அந்தக் குரூப்புல ஒரு பொம்பளப் பிள்ள காலப் பெரிசாக்கிப் போட்டானே, அவன நீங்க என்ன கேட்டீங்க? நீங்கதான அட்மின்?"

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் தளத்துக்குப் போனபோது வளையம் தெரிந்தது, தரை தெரியவில்லை. ஒரு லாரி லோடு கோழி எரு, மூட்டை மூட்டையாக, கோட்டுக்குக் கோடு அடுக்கியிருந்தது. நாற்றம் குழாயடி வரைக்கும் வந்தது. தளம் சங்கத்துடையது, இனி சரக்கு இறக்குவதற்கு என்று ஒரு காகிதம் கம்பத்தில் ஒட்டியிருந்தது. புவனா மூட்டைகளுக்கு நடுவில் இருந்த ஒரு பாய் அகல இடத்தில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அன்னக்கொடி ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தாள். முட்டி கிளுக்கென்றது. கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஓடையில் கேரட் கழுவிவிட்டு மேலேறி வந்த பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்து இருபது பேர். எல்லாருக்கும் சேலை முட்டிக்கு மேலே சொருகியிருந்தது. தொடை வரைக்கும் சேறு. முன்னால் நின்றவள் காளியாயி, ரம்யாவின் அம்மா.

"என்ன அன்னம், கால் போச்சா?"

"இல்ல மதினி. கொஞ்சம் பிசகிருச்சு."

காளியாயி மூட்டைகளைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது, புவனா படித்துச் சொன்னாள். காளியாயி திரும்பி மேட்டில், டீக்கடைப் பக்கம் வேடிக்கை பார்த்த ஆண்களை நோக்கிச் சத்தமாகக் கேட்டாள்.

"விடிஞ்சா அடைஞ்சா நாங்க இப்படித்தான் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடையில நிக்கோம். ஒங்க கேரட்டத்தான் கழுவுறோம். ஒருத்தனுக்காச்சும் எங்க காலு கண்ணுக்குத் தெரிஞ்சுச்சா? கூலிக்கு நின்னா மானம் போகாது, எம் மக பந்து வெளையாண்டா மட்டும் போயிருமோ?"

சின்னக்கருப்பனும் அந்தக் கூட்டத்தில் நின்றார். காளியாயி அவரைத் தனியாகப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

"தூக்குங்கடி" என்றாள்.

"எங்க கொண்டு போறது? நம்ம காட்டுக்கா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"அவுக எருவு நமக்கு எதுக்கு? அவுக கடை வாசல்லயே அடுக்குங்க."

இரண்டு பேருக்கு ஒரு மூட்டை. இறக்கத்திலிருந்து மேடு வரைக்கும் வரிசை போட்டு நடந்தார்கள். மூன்றாவது நடையில் வீடுகளிலிருந்து பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். யார் முதலில் வந்தது என்று அவர்களுக்குள் இன்றைக்கும் சண்டை. ரம்யா வந்தபோது சுடிதாரில் இல்லை. டவுன் போட்டிக்குப் போட்ட பனியனிலும் அரைக்கால் சட்டையிலும் வந்தாள். அப்பாவுக்கு முன்னால்தான் நடந்து வந்தாள். இன்னொருத்தியோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். அவர் வழி விட்டார். உரக்கடைக் கதவு பாதி உயரத்துக்கு மூட்டை எழும்பியபோது சேனாதிபதி உள்ளேதான் இருந்தார். பின்வாசல் வழியாக வெளியே வந்து, போலீசுக்குப் போவேன் என்றார்.

"போங்க. என்னன்னு எழுதிக் குடுப்பீங்க? ஒங்க எருவ ஒங்க கடையிலயே வெச்சுட்டாங்கன்னா?" என்று காளியாயி கேட்டாள்.

அவர் போகவில்லை. ஆனால் அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு நாலைந்து வீடுகளுக்குக் கடனுக்கு உரம் தர மறுத்தார். பழனிக்குமார் அவர்களுக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து திரும்பும் வேனில் உரம் ஏற்றிவந்தான். ஊர் அத்தோடு ஒன்றாகிவிடவில்லை. இரண்டு பிள்ளைகளை வீட்டில் அனுப்பவே இல்லை. ஒருத்திக்கு அந்த வைகாசியில் கல்யாணம் முடிந்தது. அந்தக் கல்யாணத்துக்கு அன்னக்கொடி போனாள், சாப்பிடாமல் வந்துவிட்டாள்.

குழந்தைவேல் ஒரு மாதம் மகளோடு பேசவில்லை. ஒருநாள் டீக்கடையில் யாரோ பழைய பேச்சை எடுத்தபோது, "அது எம் மக காலுடா. இந்தியாவுலயே அத்தன ஒசரம் எழும்புன காலு. ஒனக்கென்ன வந்துச்சு?" என்று டம்ளரை ஓங்கி வைத்துவிட்டாராம். மயில்சாமி வந்து சொன்னார். அப்பாவிடம் அன்னக்கொடி அதைப் பற்றிக் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

மே மாதம் திண்டுக்கல்லில் மாவட்டப் போட்டி. மலைப் பிள்ளைகள் அந்த வெயிலில் செத்துச் சுண்ணாம்பாகிவிட்டார்கள். தரை கொதித்தது, குளிரில் மந்தமாக எழும்பும் பந்தோடு பழகியவர்களுக்கு அந்தச் சூட்டில் பந்து கைக்கு அடங்காமல் துள்ளியது. முதல் ஆட்டத்திலேயே முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பயிற்சியாளர் கைகுலுக்கிவிட்டு, "உங்க பசங்க மூச்சு வாங்கவே இல்லையே மேடம், வெயில்தான் அடிச்சுப் போட்டுருச்சு" என்றார். மலையில் ஓடிப் பழகிய மூச்சு இருக்கிறது, வெயில் மட்டும் பழகினால் போதும் என்று அன்னக்கொடி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இந்த வருஷம் போட்டிக்குப் பத்து நாள் முன்னாலேயே பழனிக்குமாரின் வேனில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய், பழனியில் அவன் வீட்டு மாடியில் தங்கவைத்து, மத்தியான வெயிலில் ஓடவிட்டாள். காலிறுதி, அரையிறுதி ஜெயித்தார்கள். இறுதியில் இரண்டே புள்ளியில் தோற்றார்கள். ரம்யா கடைசி நொடியில் போட்ட பந்து வளையத்தைச் சுற்றி வந்து வெளியே விழுந்தது. அவள் தரையில் குத்தவைத்து அழுதாள்.

"எந்திரி. குனிஞ்சு ஒக்காராத. அவங்க பாக்கட்டும்" என்றாள் அன்னக்கொடி. அவளுக்கும் கண் நிறைந்துதான் இருந்தது.

ரம்யாவை விளையாட்டு விடுதிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். சின்னக்கருப்பன் படிவத்தோடு தளத்துக்கே வந்தார். பிள்ளைகள் பனியிலும் அரைக்கால் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க சாப்பாடெல்லாம் எப்படிம்மா?"

"நல்லாருக்கும்ணே. முட்டை, பால் எல்லாம் உண்டு."

"எதுலதான் வெளையாடுவாக? இதே உடுப்புதானா?"

"இதே உடுப்புதான்."

அவர் தலையாட்டிக்கொண்டார். பேனாவை வாங்கி, கம்பத்தில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "படம் கிடம் பேப்பர்ல வந்தா எனக்கு ஒரு தாள் எடுத்து வையி" என்று சொல்லிவிட்டு, கேரட் மூட்டை ஏற்ற வேண்டியிருக்கிறது என்று மேடேறிப் போனார்.

அன்னக்கொடி விசிலை வாயில் வைத்தாள். புவனா, இந்த வருஷம் ஒரே மூச்சில் அரையடி வளர்ந்துவிட்டவள், மூலையில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏ புவனா! ரம்யா போனதும் வளையத்துக்குக் கீழ நீதான். வா, வந்து நில்லு. நிமிந்து!"